கொடி எடுத்த கையும் சாயங்காலக் காய்ச்சலும்

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். 3 கறவை மாடுகள், ஆறு மாதக் கிடாரிக் கன்று ஒன்று, கொஞ்சம் வெள்ளாடுகள். போன ஆடியில் சந்தையில் ஒரு சினை மாடு வாங்கினோம். அது 7 மாதத்தில் கன்று வீசிவிட்டது, அதாவது கரு கலைந்துவிட்டது. கொடி (நஞ்சுக்கொடி) விழாததால் வீட்டுக்காரரே கையை விட்டு எடுத்தார். இரண்டு மாதம் கழித்து எங்கள் பழைய மாடும் வீசிவிட்டது. கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார், புருசெல்லா என்ற கிருமி நோயாக இருக்கலாம் என்கிறார். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பால் குடிக்கலாமா? பால் சொசைட்டிக்கு ஊற்றலாமா? வீட்டுக்காரருக்கு ஒரு மாதமாகச் சாயங்காலமானால் காய்ச்சல், இடுப்பு வலி. டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. இதற்கும் மாட்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?

பதில்: போகிற போக்கில் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பால் அப்புறம். நாளைக்கே வீட்டுக்காரரைப் பொது மருத்துவம் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப் போங்கள். உள்ளே போனதும் காய்ச்சலைப் பற்றிப் பேசும் முன்பே அவர் சொல்ல வேண்டியது இது: "கன்னு வீசின மாட்டுக்கு வெறுங்கையில கொடி எடுத்தேனுங்க."

இதைச் சொல்லாவிட்டால் பல மாதம் சுற்ற வேண்டியிருக்கும். புருசெல்லா மனுஷருக்கு வந்தால் காய்ச்சல் ஏறி இறங்கும், ராத்திரி போர்வை நனைகிற அளவுக்கு வேர்க்கும், மூட்டும் இடுப்பும் வலிக்கும், சோறு இறங்காது, ஆள் சோர்ந்து கிடப்பார். டைபாய்டும் கிட்டத்தட்ட இப்படித்தான், மலேரியாவும் காசநோயும் கூட. சில ஆண்களுக்கு விதை வீங்கி வலிக்கும். வெட்கத்தில் வெளியே சொல்ல மாட்டார்கள். கிருமி உடம்புக்குள் போய் ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் காய்ச்சல் தொடங்குவது வழக்கம், சிலருக்கு மாதக்கணக்கில் தள்ளியும் போகும். உங்கள் கணக்கு இதற்குப் பொருந்தித்தான் வருகிறது.

ரத்தப் பரிசோதனை எடுக்கும்போது புருசெல்லா சந்தேகம் என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தக் கிருமியை வளர்த்துப் பார்க்கிற லேப் ஆட்களுக்கே அது தொற்றியிருக்கிறது என்பதால், முன்கூட்டியே தெரிந்தால் அவர்கள் தனியாகக் கையாளுவார்கள். நான் மாட்டு டாக்டர், மனுஷருக்கு மாத்திரை எழுதித் தருவது என் வேலை இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம்: இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுப்பது டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து ஆறு வாரம், அல்லது ரிஃபாம்பிசினுக்குப் பதில் ஊசி. பத்தாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், தோட்ட வேலையும் கூப்பிடும். அங்கேதான் நம்ம ஆட்கள் மாத்திரையை நிறுத்துவார்கள், இரண்டு மாதத்தில் காய்ச்சல் திரும்ப வரும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடவும் வேண்டாம்.

மகள் விஷயம். கட்டுத்தரைப் பக்கம் அவர் வரவே கூடாது. சாணி அள்ளுவது, கன்றுக்குட்டியைக் கொஞ்சுவது, வீசின இடத்தைக் கழுவிவிடுவது எதுவும் வேண்டாம். கர்ப்பிணிக்கு இந்த நோய் வந்தால் கரு கலைய வாய்ப்பு உண்டு. அவரைப் பார்க்கிற மகப்பேறு டாக்டரிடம் வீட்டு மாட்டின் கதையை இப்போதே சொல்லிவையுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். கர்ப்பத்தில் டாக்சிசைக்ளின் கொடுக்க மாட்டார்கள், வேறு மருந்து இருக்கிறது. அப்பாவிடமிருந்து மகளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயப்பட வேண்டாம், மனுஷரிடமிருந்து மனுஷருக்குப் பரவுவது ரொம்ப அபூர்வம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்தால், இரண்டு பேரும் ஒரே மாட்டிடமிருந்து வாங்கியிருப்பார்கள்.

சரி, மாட்டுக்கு வருவோம். கன்று வீச்சு நோய் என்று நாம் சொல்லும் இதற்கு ஒரு குணம் உண்டு. சினைப்பிடித்த மாட்டின் கருப்பையில் எரித்ரிட்டால் என்று ஒரு சர்க்கரைப் பொருள் சேர்கிறது. புருசெல்லாவுக்கு அது விருந்து. கூட்டம் கூட்டமாக அங்கே போய்ப் பெருகும். பெரும்பாலும் ஐந்து மாதத்துக்கு மேல், அதிலும் ஏழாம் மாதத்தை ஒட்டி, கன்று வீசும். அப்போது வெளியே வருகிற கொடி, பனிக்குட நீர், செத்த கன்று எல்லாவற்றிலும் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். விரலில் முள் கிழித்த கீறல் ஒன்று போதும். கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தாலும் போதும். ஊர் முழுக்கப் பாலைப் பார்த்துப் பயப்படுகிறது. நான் பார்த்த வரையில் நோய் அதிகம் ஏறியது கொடி எடுத்த கைகளில்தான்.

எனக்கும் பட்டிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிடாரிக்குக் கன்று வீச்சுத் தடுப்பூசி போடும்போது அது துள்ளியதில் ஊசி என் கட்டைவிரலில் இறங்கிவிட்டது. இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்த தடுப்பூசி. மாட்டுக்கு நல்லது, மனுஷருக்கு நோய் தரும். டி.டி. (ரணஜன்னி) ஊசி மட்டும் போட்டுக்கொண்டு விட்டுவிட்டேன். மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்டிருக்க வேண்டும் என்று அப்போது தெரியவில்லை. அந்த வருஷம் தை மாதக் குளிரில் ராத்திரி ராத்திரி வேர்த்து எழுந்ததை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே, உங்கள் மூன்றாவது மாடு சினையாக இருந்தால் இப்போதே அதைத் தனியாகக் கட்டுங்கள், தண்ணித் தொட்டியும் தனியாக. ஈனும்போது யாராவது பக்கத்தில் இருந்துதான் ஆக வேண்டும். சினை ஊசி போட வருகிறவர்கள் மாட்டிக்கொள்கிற தோள் வரைக்குமான பிளாஸ்டிக் கையுறை மருந்துக்கடையில் கிடைக்கும், விலையும் பெரிதில்லை. மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கொடி விழ அரை நாள் வரை பொறுக்கலாம். விழாவிட்டால் இழுக்கவும் வேண்டாம், கல்லைக் கட்டித் தொங்கவிடவும் வேண்டாம். கருப்பை கிழிந்து மாடே போய்விடும். டாக்டரைக் கூப்பிடுங்கள், அல்லது 1962-க்குப் போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

விழுந்த கொடியை என்ன செய்வது? நம் பக்கம் இளங்கொடியை வைக்கோலோடு சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவோம். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மடியில் பால் பெருகும் என்பது நம்பிக்கை. நாய் நரி எட்டாத உயரத்தில் வைத்த வகையில் அதில் ஒரு புத்தியும் இருக்கத்தான் செய்கிறது, நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் வீசின மாட்டுக் கொடிக்கு அது ஆகாது. சொட்டுகிற சாக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஊருக்குள் நடக்கிறார், காக்கை கொத்துகிறது, கீழே விழுந்ததை நாய் இழுத்துப்போய் அடுத்த தோட்டத்தில் போடுகிறது. இந்தக் கொடிக்குக் குழிதான். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, இடுப்பளவுக்கு மேல் ஆழமாக வெட்டி, செத்த கன்று, கொடி, நனைந்த வைக்கோல் எல்லாவற்றையும் போட்டு, மேலே சுண்ணாம்பைக் கொட்டி மண் தள்ளுங்கள். நாய் தோண்டாதபடி மேலே முள்ளைப் போட்டுவிடுங்கள். கட்டுத்தரையில் ஈரம்பட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, வெயில் நன்றாகப் படும்படி விடுங்கள். நம் ஊர் வெயில் பட்டால் இந்தக் கிருமி சில மணி நேரத்தில் செத்துப்போகும். நிழலிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடக்கும்.

இப்போது பால். நன்றாகப் பொங்கக் காய்ச்சினால் புருசெல்லா பிழைக்காது. பால் பண்ணையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்குவதற்கே அது செத்துவிடும். காய்ச்சிய பாலில் உறை ஊற்றிய தயிருக்கும் மோருக்கும் பயமில்லை. கறந்த சூட்டோடு குழந்தைக்கு ஒரு டம்ளர் கொடுப்பது, கண்வலிக்குப் பச்சைப்பால் விடுவது, சீம்பாலை அரைவேக்காட்டில் எடுத்துத் தின்பது, இந்த மூன்றும் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். சீம்பாலை ஆவியில் நன்றாக வேக வைத்தால் ஒன்றும் ஆகாது. கொடுமுடிப் பக்கத்திலிருந்து ஊரெல்லாம் பரவிய பஞ்சகவ்யம் நீங்களும் போடுகிறவராக இருந்தால், இந்த மாட்டுப் பாலும் சாணமும் கோமியமும் அதற்கு வேண்டாம். வெறுங்கையால் கலக்குகிற வேலை அது.

அப்படியென்றால் வீசின இரண்டு மாட்டுப் பாலைக் காய்ச்சி ஊற்றலாம்தானே என்று கேட்பீர்கள். முடிவு வரும்வரை வேண்டாம் என்பேன். கொடி நின்ற மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருப்பார்கள், அது சில நாள் பாலில் இறங்கும். எத்தனை நாள் என்று ஊசி போட்ட டாக்டரிடமே கேளுங்கள். கேனில் மற்ற மாட்டுப் பாலோடு கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவும் முடியாது. வீடுவீடாகப் பால் ஊற்றுகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வாங்குகிறவர்கள் காய்ச்சுவார்கள் என்று நாம் நினைத்துக்கொள்ளக் கூடாது. வீசின மாடுகளைக் கடைசியாகக் கறங்கள், கறந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நோய் உறுதியானால் மாட்டுக்கு வைத்தியம் இல்லையா? நடைமுறையில் இல்லை. ஏமாற்றுகிற இடமும் இதுதான். பெரும்பாலான மாடுகள் ஒரு முறைதான் வீசும். அடுத்த ஈத்து நல்லபடியாக ஈனும், கன்றும் துள்ளும். குணமாகிவிட்டது என்று நாம் சந்தோஷப்படுவோம். ஆனால் கிருமி மடியிலும் நிணநீர்க் கட்டிகளிலும் ஆயுசுக்கும் உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு ஈத்திலும் கொடியோடு வெளியே வரும். மால்டா தீவில் நடந்ததும் இதே. 1887-ல் டேவிட் புரூஸ் அங்கே சிப்பாய்களின் காய்ச்சலில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். எங்கிருந்து வருகிறது என்று தெரிய 1905 ஆயிற்று. தெமிஸ்டோகிளிஸ் சம்மித் என்ற உள்ளூர் மருத்துவர் ஆட்டு ரத்தத்தைச் சோதித்தபோதுதான் பிடிபட்டது. வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுத்த ஆடுகள், பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. சிப்பாய்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தியதும் காய்ச்சல் சரசரவென்று இறங்கியது. வெள்ளாட்டில் வருகிற வகை மனுஷரை மாட்டு வகையைவிடக் கடுமையாகத் தாக்கும் என்பதால், உங்கள் ஆடுகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். குட்டி வீசின ஆடு இருந்தால் மறைக்காதீர்கள்.

நோய் உள்ள மாட்டைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். கோபப்படாமல் கேளுங்கள்: உங்களுக்கு வந்ததும் அப்படித்தான் இருக்கும். பொள்ளாச்சியோ கருங்கல்பாளையமோ அந்தியூரோ, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள், பல்லைப் பார்க்கிறார்கள், மடியைப் பார்க்கிறார்கள், சுழி பார்க்கிறார்கள். போன ஈத்து எப்படி என்று கேட்பவர் குறைவு, உண்மையைச் சொல்பவர் அதைவிடக் குறைவு. தொற்றுநோயை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும் என்று 2009-லேயே மத்தியச் சட்டம் இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் சொன்னால் என்ன செய்யலாம் என்று அவர் வழி காட்டுவார். அதுவரை அதைத் தனியாகக் கட்டி வைத்திருங்கள், இனிச் சினை ஊசி வேண்டாம்.

இனிமேல் மாடு வாங்கினால் ரத்தம் சோதித்து வாங்குங்கள், அல்லது கொண்டுவந்து ஒரு மாதம் தனியாகக் கட்டிச் சோதித்த பிறகு மற்ற மாடுகளோடு சேருங்கள். ஊர்க் காளைக்கு ஓட்டுவதைவிட, சோதித்த காளையின் விந்தில் போடுகிற சினை ஊசியே மேல்.

அந்த ஆறு மாதக் கிடாரிக்கு இதுதான் சரியான வயது. கன்று வீச்சுத் தடுப்பூசி 4 முதல் 8 மாதம் வரையுள்ள கிடாரிக்கு மட்டும், ஆயுளில் ஒரே தடவை. காளைக்கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடுவதில்லை. 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசியோடு இதுவும் அரசு செலவில் போடப்படுகிறது. போட்டதும் காது வில்லை எண்ணோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி போட்ட கிடாரியைப் பின்னாளில் சோதித்தால் சில சமயம் நோய் இருப்பதுபோலக் காட்டும், அப்போது இந்தச் சீட்டுதான் அதைக் காப்பாற்றும்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. எல்லாக் கன்று வீச்சும் புருசெல்லா இல்லை. எலிக்காய்ச்சல் கிருமி, சில வைரஸ், கீழே விழுந்த அடி, கெட்டுப்போன தீவனம் எதனாலும் வீசும். எலிக்காய்ச்சலும் மனுஷருக்கு வரும் என்பதால் உங்கள் வீட்டுக்காரரின் டாக்டர் அதையும் பார்ப்பார். வீசிய உடனே எடுத்த ரத்தத்தில் நோய் இல்லை என்று வந்தாலும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மூன்று வாரம் கழித்து இரண்டு மாட்டுக்கும் இன்னொரு தடவை ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அதற்குள் வீட்டுக்காரரின் ரத்த முடிவும் வந்திருக்கும். இரண்டு சீட்டையும் இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள்.