சர்வசமம் என்று கண்ணுக்குத் தெரிகிறது, நிரூபிக்கத்தான் வரவில்லை

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு முக்கோணங்கள் சர்வசமம், அதாவது அளவிலும் வடிவிலும் ஒன்றே, என்று காட்டுகிற ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ விதிகள் (ப என்றால் பக்கம், கோ என்றால் கோணம்) எல்லாம் கடகடவென்று சொல்கிறாள், ஆனால் கணக்கைக் கொடுத்தால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்கிறாள். ஏதாவது இரண்டு பக்கமும் ஒரு கோணமும் சமமாக இருந்தால் போதாதா என்றும் கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதைக் கேட்கிற குழந்தை உண்மையிலேயே யோசிக்கிறது. வாயால் விளக்காதீர்கள், வரையச் சொல்லுங்கள். நீளமாக ஒரு கோடு, அதன் இடது முனை ஏ. அங்கே 30 பாகையில் ஒரு சாய்கோடு, அதில் 10 செ.மீ. தூரத்தில் பி. இப்போது காம்பஸில் 6 செ.மீ. எடுத்து பி-யில் முள்ளை வைத்து வில் வரைந்தால், அது கீழ்க்கோட்டை இரண்டு இடத்தில் வெட்டும்: ஏ-யிலிருந்து சுமார் 5.3 செ.மீ.யில் ஒன்று, சுமார் 12 செ.மீ.யில் இன்னொன்று. இரண்டு முக்கோணத்திலும் 10, 6, 30 பாகை எல்லாமே இருக்கிறது, ஆனாலும் ஒன்று சின்னது, மற்றது பெரியது. கோணம் அந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையில் இல்லாததால் 6 செ.மீ. பக்கம் உள்ளேயும் விழலாம், வெளியேயும் விழலாம். அதனால்தான் ப-கோ-ப என்பதில் கோ நடுவில் நிற்கிறது. அதே படத்தில் கீழ்க்கோட்டை ஏ-க்கு இடப்பக்கமும் நீட்டி, 30-க்குப் பதில் 90 பாகை வைத்து, ஏபி-யை விடப் பெரிய ஆரம் எடுத்தால் வில் ஏ-க்கு இரண்டு பக்கமும் சம தூரத்தில் வெட்டும், கிடைப்பது ஒரே முக்கோணமும் அதன் கண்ணாடி பிம்பமும்தான். செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்) விதி செல்லுபடியாவது இதனால்தான்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? கடைசி வரியிலிருந்து. இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக்கூறிடும் என்று நிரூபிக்க வேண்டும் என்று வையுங்கள். இணைகரம் ஏபிசிடி, மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளி ஓ. நமக்கு வேண்டியது ஏஓ = சிஓ, பிஓ = டிஓ. ஏஓ-வும் பிஓ-வும் இருக்கிற முக்கோணம் எது? ஏஓபி. சிஓ-வும் டிஓ-வும் இருப்பது? சிஓடி. பாதி வேலை முடிந்தது. இனி இந்த இரண்டைப் பற்றி ஏற்கெனவே தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும்: ஏபி = சிடி, எதிர்ப் பக்கங்கள்; ஏ-யிலும் சி-யிலும் உள்ள கோணங்கள் சமம், ஏபி-யும் சிடி-யும் இணை என்பதால் ஒன்றுவிட்ட கோணங்கள்; பி-யிலும் டி-யிலும் அப்படியே. கோ-ப-கோ வந்துவிட்டது.

இந்தக் கணக்கில் மார்க் போகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான், படத்தில் சமமாகத் தெரிகிறதே என்று ஏஓ = சிஓ என்பதையே நடுவில் எழுதிவிடுவார்கள். எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே காரணமாகக் காட்டினால் நிரூபணமே இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதுகிற பழக்கம் இருந்தால் இந்தத் தப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும். 'படத்தில் தெரிகிறது' என்பது காரணம் ஆகாது. 'கொடுக்கப்பட்டது', 'பொதுப் பக்கம்', 'குத்தெதிர்க் கோணங்கள்' என்கிற மாதிரி இருக்க வேண்டும்.

அப்புறம் எழுத்து வரிசை. ஏஓபி-க்குச் சர்வசமம் சிஓடி, டிஓசி இல்லை. டிஓசி என்று எழுதினால் ஏஓ = டிஓ என்று ஆகிவிடும், அது எல்லா இணைகரத்துக்கும் உண்மை இல்லை.

பயிற்சிக்கு ஒரே ஒரு கணக்கு கொடுங்கள், ஆனால் மூன்று தடவை செய்யச் சொல்லுங்கள்: இருசமபக்க முக்கோணத்தில் சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமம். உச்சியிலிருந்து கோண இருசமவெட்டி வரைந்தால் ப-கோ-ப வரும், அடிப்பக்கத்தின் நடுப்புள்ளிக்குக் கோடு வரைந்தால் ப-ப-ப, செங்குத்து வரைந்தால் செ-க-ப. ஒரு தடவைக்கு ஒரு கோடு, அந்தக் கோட்டுக்கு ஒரு குணம் மட்டும். வரைந்த கோடு செங்குத்தாகவும் இருக்கிறது, நடுவிலும் வெட்டுகிறது என்று இரண்டையும் சேர்த்து எழுதினால் நிறுத்தி, இரண்டாவது எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.