பனியில் பக்கி: பிரேக் கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்காரனுக்குப் பனியில் பிரேக் பிடிப்பதைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி, ஜோகன்னஸ்பர்க்–டர்பன் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டு, ஏராளமான வண்டிகள் இரவெல்லாம் சிக்கிக்கொண்டனவே, அவற்றில் நம்மவர்கள் வண்டி எத்தனை! அதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பிரேக் கேள்விகள் குறையவே இல்லை. நாற்பது வருடம் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிரேக் வேலை மட்டுமே பார்த்தவன் நான். அந்த உரிமையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, அந்தப் பனி நாளில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டபுள் கேப் பக்கியில் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் தொட்டியும் உள்ள பிக்கப்) திரும்பிக்கொண்டிருந்தேன். சாலையை இன்னும் மூடவில்லை. ஹாரிஸ்மித் தாண்டியதும் முன்னால் போன கார் நின்றது. பிரேக்கை மிதித்தேன். பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறியது, கீழே ஏதோ அரைபடுகிற மாதிரி சத்தம். பிரேக் உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். முன்னால் நின்ற காரின் பம்பரில் போய் முட்டினேன். பனியில் ஏ.பி.எஸ். (சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் பிரேக் அமைப்பு) வேலை செய்யாது, அதன் ஃபியூஸைப் பிடுங்கிப் போடு என்கிறார் மச்சான். பிடுங்கலாமா?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: பிடுங்க வேண்டாம் தம்பி. உங்கள் பிரேக் உடையவில்லை. அந்த உதறலும் அரைபடும் சத்தமும்தான் ஏ.பி.எஸ். வேலை செய்கிற அடையாளம். நீங்கள் காலை எடுத்த அந்த நொடியில்தான் பிரேக்கே இல்லாமல் போனது.

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் ஒரு சென்சார் இருக்கிறது. பற்கள் வெட்டிய ஒரு வளையம் சக்கரத்தோடு சுற்ற, சென்சார் அதைப் பார்த்துச் சக்கரத்தின் வேகத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சக்கரம் திடீரென்று நிற்கப் பார்த்தால், அது வழுக்குகிறது என்று அர்த்தம். உடனே அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் அழுத்தத்தை வால்வு தளர்த்தும். சக்கரம் மறுபடி உருளத் தொடங்கியதும் திரும்ப அழுத்தும். நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவைகூட இது நடக்கும். வால்வு திறந்து மூடுவதும் பம்ப் ஓடுவதும்தான் உங்கள் கால் உணர்ந்த உதறல். காய்ந்த தார்ச்சாலையில் வருஷக்கணக்காக ஓட்டியும் அதை நீங்கள் உணர்ந்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அங்கே சக்கரம் பூட்டிக்கொள்கிற அளவுக்கு யாரும் மிதிப்பதில்லை. முதல் தடவை பனியில் தெரியும்போது பயப்படாதவர் யார்?

இப்போது மச்சான் பக்கத்து நியாயம். அவர் சொல்வதில் பாதி உண்மை. பொலபொலவென்று கிடக்கும் புதுப் பனியில், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால், டயருக்கு முன்னால் பனி ஒரு குவியலாகச் சேரும். அந்தக் குவியலே தடுப்பணை மாதிரி வண்டியை நிறுத்த உதவும். ஏ.பி.எஸ். சக்கரத்தை உருள விடுவதால் அந்தக் குவியல் சேர்வதில்லை, நிற்கும் தூரம் நீளும். நம்மூர்ச் சரளைச் சாலையிலும் இதே கதைதான். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 1990களின் கடைசியில் செய்த சோதனைகளில், பெரும்பாலான தளங்களில் ஏ.பி.எஸ். வண்டியைச் சீக்கிரம் நிறுத்தியது. சரளையில் மட்டும் சராசரியாக 27 சதவீதம் தூரம் கூடியது.

அப்படியானால் ஏன் பிடுங்கக் கூடாது? உருளாத சக்கரம் திரும்பாது, அதனால்தான். பூட்டிய சக்கரத்தோடு ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும். ஏ.பி.எஸ். உங்களுக்குக் கொடுப்பது பிடிப்பு அல்ல, ஸ்டியரிங். முன்னால் நின்ற காரை விட்டு விலகிச் சாலையோரம் ஒதுங்க உங்களுக்கு ஒரு வழி இருந்தது. காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே திருப்பியிருந்தால் அநேகமாக ஒதுங்கியிருப்பீர்கள்.

காலி பக்கிக்கு இன்னொரு வம்பும் உண்டு. இன்ஜின் முன்னால், பின்னால் வெறும் தகரத் தொட்டி. பிரேக் பிடித்ததும் இருக்கிற கொஞ்சம் எடையும் முன்னால் சாய்ந்துவிடும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், பின்பக்கம் வீசிக்கொண்டு வரும். இது எனக்கே நடந்தது. தொண்ணூறுகளில் ஒரு ஜூலை விடியற்காலை, அண்டர்பெர்க் பக்கம் ஒரு பண்ணைக்கு டிராக்டர் பிரேக் வேலைக்காகப் போனேன். பழைய பக்கி, ஏ.பி.எஸ். கிடையாது, தொட்டியில் ஒரு டூல் பெட்டி மட்டும். ஒரு சின்னப் பாலம். சாலை முழுக்கக் காய்ந்திருந்தது, பாலத்தின் மேல் மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஐஸ். பாலத்துக்குக் கீழேயும் காற்று போவதால் அதுதான் முதலில் உறையும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். லேசாகத்தான் பிரேக்கைத் தொட்டேன். வண்டியின் வால் என்னை முந்திக்கொண்டு வந்தது! அரைச் சுற்று சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி வேலியோரம் நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு அசை போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது. பிரேக்காரனுக்கு அதைவிட அவமானம் வேறு என்ன வேண்டும்? நாலு சக்கர ஏ.பி.எஸ். இருந்திருந்தால் வழுக்கியிருப்பேன், சுற்றியிருக்க மாட்டேன்.

ஆனால் இல்லாத பிடிப்பை எந்தக் கம்ப்யூட்டராலும் உண்டாக்க முடியாது. கணக்கைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி, பிரேக் பிடித்த இடத்திலிருந்து காய்ந்த தார்ச்சாலையில் சுமார் 20 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் சுமார் 70 மீட்டர். ஐஸில் 140 மீட்டர், சில சமயம் அதற்கும் மேல். அதே ஐஸில் 30-இல் போனால் சுமார் 35 மீட்டர். வேகத்தைப் பாதியாக்கினால் தூரம் கால்வாசி. முன் வண்டியோடு விடும் இடைவெளியை இந்தக் கணக்குப்படி விடுங்கள். மற்றபடி, பிரேக்கை அழுத்தினால் அழுத்தியபடியே இருங்கள், காலால் பம்ப் அடிக்காதீர்கள், கண்ணைப் போக வேண்டிய இடத்தில் வைத்துத் திருப்புங்கள். இதைப் பழக பனி தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத சரளை மைதானம் ஒன்றில் 30-இல் போய் ஓங்கி மிதித்துப் பாருங்கள். அந்த உதறலைக் கால் ஒரு தடவை அறிந்துகொண்டால் போதும், அடுத்த தடவை பயப்படாது. மச்சானையும் கூட்டிப்போங்கள்.

கேள்வி: அண்ணா, என் மகன் கனடாவில் கால்கரியில் வேலை பார்க்கிறான். 1991 மாடல் ஃபோர்ட் பிக்கப் ஒன்றை மலிவாக வாங்கியிருக்கிறான். ‘ஏ.பி.எஸ். இருக்கிறதம்மா, பயப்படாதே’ என்கிறான். அங்கே ஆறு மாதம் பனியாமே. நான் நிம்மதியாக இருக்கலாமா?
— ஒரு தாய், லேடிஸ்மித்

பதில்: தங்கச்சி, பையன் பொய் சொல்லவில்லை, ஆனால் முழுவதும் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

அமெரிக்கப் பிக்கப்களில் ஏ.பி.எஸ். முதலில் வந்தது பின்சக்கரங்களுக்கு மட்டும். ஃபோர்ட் 1987-இல் எஃப்-150-இல் போட்டது அந்த வகை. மேலே சொன்ன காலித் தொட்டி நோய்க்கு மருந்து அது. பின்பக்கம் வீசாமல் பார்த்துக்கொள்ளும். நாலு சென்சார் கிடையாது, பின் டிஃபரன்ஷியலில் (பின்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியில்) ஒரே ஒரு சென்சார், அவ்வளவுதான். முன்சக்கரங்களுக்குக் காவல் இல்லை. ஐஸில் ஓங்கி மிதித்தால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி நேராக வழுக்கும், ஸ்டியரிங் சும்மா சுற்றும்.

ஆகவே நான் சாட்ஸ்வொர்த் தம்பிக்குச் சொன்னதற்கு நேர் எதிராக உங்கள் மகனுக்குச் சொல்கிறேன்: முன்சக்கரம் பூட்டிக்கொண்டதாகத் தெரிந்தால் பெடலைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், சக்கரம் உருண்டு வண்டி திரும்பத் தொடங்கியதும் மறுபடி மெதுவாக அழுத்த வேண்டும். நாலு சக்கர ஏ.பி.எஸ். செய்கிற வேலையைக் கால் செய்ய வேண்டும். எந்த வகை என்று தெரியாவிட்டால் முன்சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் குழாய்) தவிர ஒரு மெல்லிய மின்கம்பியும் சக்கரத்தின் நடுப்பகுதிக்குப் போனால் முன்பக்கமும் சென்சார் இருக்கிறது. இல்லையென்றால் நான் சொன்ன கதைதான்.

அவனுக்கு ஏதாவது பணம் அனுப்புவதாக இருந்தால் குளிர்கால டயருக்கு அனுப்புங்கள். நாலும் ஒரே மாதிரி. சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் மெத்தென்றே இருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்கும், அதைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். எந்த பிரேக் கம்ப்யூட்டரையும்விட அதற்குத்தான் என் ஓட்டு.

கேள்வி: ஐயா, நண்பர்களோடு சானி கணவாய் போயிருந்தேன். மேலே பனி. இறங்கும்போது லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர்) போட்டு, பின் டிஃப் லாக்கையும் போட்டேன். உடனே ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தது. கீழே வந்து லாக்கை எடுத்ததும் அணைந்துவிட்டது. கோளாறா?
— இளைஞர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கோளாறு வண்டியில் இல்லை தம்பி. டிஃப் லாக் போட்டால் பின்சக்கரம் இரண்டும் ஒரே இரும்பில் கட்டியது போலச் சேர்ந்து சுற்றும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை அழுத்த வழியில்லை. அதனால் பல பக்கிகளில் கம்ப்யூட்டர் ஏ.பி.எஸ்.ஸை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுச் சொல்லிவிடும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் இது எழுதியிருக்கும். யார் அதைப் படிக்கிறார்கள்!

ஆனால் இறக்கத்தில் டிஃப் லாக் எதற்கு? அது சேற்றிலோ பள்ளத்திலோ சிக்கி ஏற முடியாதபோது போடுவது. கொண்டையூசி வளைவில் லாக் போட்ட பின்பக்க ஆக்ஸில் (சக்கர அச்சு) வண்டியை நேராகத் தள்ளும், சானியில் நேராகப் போனால் என்ன இருக்கிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். லோ ரேஞ்ச் சரி, முதல் கியர் சரி, லாக் வேண்டாம்.

நான்கு சக்கர இழுவை இருப்பதால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்றும் நினைக்காதீர்கள். எல்லா வண்டிக்கும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான். ஏறுவதற்கு உதவியது நிற்பதற்கு உதவாது. சுலபமாக ஏறிவிட்ட தைரியத்தில்தான் இறங்கும்போது வேகம் கூடிவிடுகிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இன்ஜின் வேகத்தைப் பிடித்து இழுப்பதையும் ஐஸ் தாங்காமல் போகலாம். முதல் கியரில் இறங்கும்போது, நீங்கள் பிரேக்கைத் தொடாமலே சக்கரம் வண்டியைவிட மெதுவாகச் சுற்றி வழுக்கத் தொடங்கும். ஏ.பி.எஸ். பிரேக் ஆயிலைத்தான் தளர்த்தும், இன்ஜினை அல்ல. அப்படி வழுக்கினால், மனசு ஒப்பாது என்றாலும், ஆக்சிலரேட்டரை ஒரு நூலளவு மிதியுங்கள். சக்கரம் மறுபடி உருளும், ஸ்டியரிங் திரும்பக் கிடைக்கும். மேலே ஐஸ் இறுகியிருந்தால் சங்கிலி போடாமல் இறங்க வேண்டாம். ஒரு ஜோடிதான் இருக்கிறது என்றால் அது எந்த ஆக்ஸிலுக்கு என்பதை வண்டிப் புத்தகத்தில் பாருங்கள். இந்த ஒரு தடவையாவது!

கேள்வி: பின்னால் மணல் மூட்டை போட்டால் வண்டி சீக்கிரம் நிற்குமா? எத்தனை மூட்டை?
— வாசகர், டொங்காட்

பதில்: சீக்கிரம் நிற்கும் என்பதைவிட நேராக நிற்கும் என்று சொல்லுங்கள். எடை கூடினால் நிறுத்த வேண்டிய பாரமும் கூடுகிறது. ஆனால் காலி பக்கியில் சும்மா இருக்கும் பின் பிரேக்குக்கு வேலை கிடைக்கும், வால் வீசுவது குறையும். நூறு, நூற்றைம்பது கிலோ போதும். பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, அல்லது கொஞ்சம் முன்னால். வால் கதவோரம் போட்டால் முன்பக்கம் தூக்கி, ஸ்டியரிங் லேசாகிவிடும். கயிறு போட்டுக் கட்டுங்கள். கட்டாத மூட்டை பிரேக் பிடித்ததும் நேரே கேபினுக்குத்தான் வரும். மணலில் இன்னொரு லாபம், சிக்கிக்கொண்டால் பிரித்துச் சக்கரத்தடியில் போடலாம். சிமெண்ட் மூட்டை போட்டு, மழையில் நனைந்து, தொட்டியோடு இறுகிப்போன ஒருவரை எனக்குத் தெரியும். மறுநாள் சுத்தியலோடு வந்தார்.

கேள்வி: ஒரு செகண்ட் ஹேண்ட் பக்கி பார்த்திருக்கிறேன். ஏ.பி.எஸ். விளக்கு எரியவே இல்லை. நல்ல வண்டிதானே அண்ணா?
— வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: எரியவே இல்லை என்றால் சாவி போடும்போதுமா எரியவில்லை? சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து பிறகு அணைய வேண்டும். எரிந்தபடியே இருந்தால் பெரும்பாலும் சென்சாரில் அழுக்கு, துரு, அறுந்த கம்பி, பல் உடைந்த வளையம் மாதிரி ஏதாவதுதான். பேசி விலையைக் குறைத்து வாங்கிச் சரிசெய்யலாம். எரியவே எரியாத விளக்குதான் எனக்குப் பிடிக்காது.

என் மருமகனும் இப்படி ஒன்று வாங்கினான். விற்ற இடத்தில் ‘எல்லாம் செக் பண்ணியாச்சு’ என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்திருந்தார்கள். டேஷ்போர்டைப் பிரித்துப் பார்த்தேன். ஏ.பி.எஸ். பல்புக்கு மேல் கறுப்பு டேப்பை மடித்து ஒட்டியிருந்தார்கள். உரித்தேன், விளக்கு பளிச்சென்று எரிந்தது. இடது முன்சக்கரத்தில் சென்சாரே இல்லை, கம்பி மட்டும் தொங்கியது. வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்க ஏழு வாரம் ஆனது. நீங்கள் பகலில் போங்கள் அம்மா, சாவியைத் திருப்பும்போது டேஷ்போர்டு மீதே கண்ணை வைத்திருங்கள். விற்பவர் அந்த நேரம் பார்த்துத்தான் ‘பாட்டு கேட்டுப் பாருங்களேன்’ என்று ரேடியோவைப் போடுவார்.