சுமையோடு கரடுமுரடான மலைப்பாதையில் சைக்கிள் பயணம்: ஏற்றத்தைவிட இறக்கம் ஆபத்தா?

ஆபத்து என்று பார்த்தால் இறக்கம்தான். ஏற்றம் ஆளைக் களைப்பாக்கும், அவ்வளவுதான். அதற்கும் மருந்து கியரில் இருக்கிறது. முன்பல்சக்கரத்தில் 30 பல், பின்னால் பெரியதில் 36 பல் இருந்தால் மிதியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் சுமார் 1.75 மீட்டர்தான் நகரும். மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தாலும் நிமிடத்துக்கு 57 சுற்று மிதிக்கலாம், முட்டி தப்பிக்கும். இதைவிடக் கனமான கியரோடு போய் வீராப்பு காட்ட வேண்டாம். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுங்கள், அதில் ஒன்றும் கேவலமில்லை.

இறக்கத்துக்கு வருவோம். ஆளும் மூட்டையும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்றால், 500 மீட்டர் உயரம் இறங்கும்போது சுமார் 490 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். வேகமாகப் போனால் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்துபோய் பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் கிட்டத்தட்ட எல்லாமே பிரேக்கில் சூடாக இறங்கும். ரிம் பிரேக் (சக்கரத்தின் வெளிவளையமான ரிம்மையே அழுத்திப் பிடிப்பது) என்றால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கலாம். சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கும் சூடேறினால் பிடிப்பை இழக்கும். அதனால் வளைவுக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், அப்புறம் விட்டுவிடுங்கள். நீண்ட இறக்கமானால் நடுவில் நின்று ஆறவிடுங்கள். தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் வெந்துவிடும்!

3000 மீட்டருக்கு மேல் போகிறீர்களா? அங்கே காற்று மெலிவு, உடம்பு பழக நேரம் வேண்டும். அதனால் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள்.