வெனிசுவேலாவின் சாட்சிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வெனிசுவேலாவின் 2024 தேர்தல் முடிவு திருடப்பட்டது என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். 2002இல் ஆட்சிக் கவிழ்ப்பை வரவேற்று, 2019இல் எல்லைப் பாலத்தில் எரிந்த லாரிகளைப் பற்றிப் பொய் பரப்பிய அதே மேலைநாட்டு ஊடகங்களை நம்பித்தானே இதை எழுதினீர்கள்? எண்ணெய்க்காக அந்த நாட்டின் கழுத்தை நெரிப்பவர்களின் குரலை நாமும் எதிரொலிக்க வேண்டுமா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

நீங்கள் குறிப்பிடும் இரண்டும் நடந்தவை. 2002 ஏப்ரலில் அதிபர் சாவேஸ் சிறைபிடிக்கப்பட்டு, தொழிலதிபர் கூட்டமைப்பின் தலைவர் பெத்ரோ கார்மோனா தன்னையே அதிபராக அறிவித்து நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் கலைத்ததற்கு மறுநாள், வெனிசுவேலாவின் ஜனநாயகத்துக்கு இருந்த ஆபத்து நீங்கியது என்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதியது. அதே நாளில் தலைநகர் கராகஸின் மலைச்சரிவுக் குடியிருப்புகளிலிருந்து மக்கள் சாவேஸைத் திரும்பக் கேட்டு அதிபர் மாளிகையை நோக்கி இறங்கி வந்துகொண்டிருக்க, உள்நாட்டுத் தனியார் தொலைக்காட்சிகள் கார்ட்டூன் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தன. இதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

ஆனால் பாலத்து விஷயத்தை இன்னும் கொஞ்சம் பார்ப்போம். 2019 பிப்ரவரி 23 அன்று கொலம்பிய எல்லையில் நிவாரண லாரி எரிந்ததும், அதை உள்ளே விடாமல் தடுத்த அப்போதைய அதிபர் மதுரோவின் படைகளே கொளுத்தின என்று அமெரிக்க அதிகாரிகள் சொன்னது பல இடங்களில் அப்படியே செய்தியானது. அடுத்த மாதம் காணொளிகளை வரிசைப்படுத்தி, எதிர்ப்பாளர் ஒருவர் வீசிய பெட்ரோல் குண்டிலிருந்து எரியும் துணி கழன்று லாரியின் பக்கம் பறந்ததைக் காட்டி, தீ அதனால்தான் பற்றியிருக்கக்கூடும் என்று எழுதியதும் நியூயார்க் டைம்ஸ்தான். ஆகவே ஒரு பத்திரிகையின் பெயரைப் பார்த்து நம்புவதும் தவறு, பெயரைப் பார்த்தே தள்ளுவதும் தவறு.

வெளிநாட்டுச் செய்திகள் மீது எனக்குள்ள குறை வேறு. அவை அந்த மக்களை வரிசையில் நிற்பவர்களாகவும் எல்லை கடப்பவர்களாகவும் மட்டுமே காட்டுகின்றன. கிறிஸ்துமஸுக்கு அங்கே அயாகா செய்வார்கள். ஒருவர் வாழையிலையில் சோளமாவைப் பரப்ப, இன்னொருவர் இறைச்சிக் குழம்பும் ஆலிவும் உலர்திராட்சையும் வைக்க, மற்றொருவர் மடித்து நூலால் கட்டுவார். என் அம்மா செய்வதே சிறந்த அயாகா என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டுப் போயிருக்கும் நிலையில், அந்த மேசையைச் சுற்றி இன்று யார் இல்லை என்று கேட்டிருந்தால், விலைப் பட்டியல் சொல்லாத எவ்வளவோ விளங்கியிருக்கும். அமெரிக்கத் தடைகள் அவர்களின் துன்பத்தைக் கூட்டின என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் எண்ணெய் மீதான தடை வந்த 2019க்கு முன்பே பணவீக்கம் கட்டுமீறி, 2018இல் நாணயத்திலிருந்து ஐந்து சுழியங்களை அரசு நீக்கிவிட்டது.

இனித் தேர்தல். அங்கே வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு இயந்திரமும் மளிகைக் கடை ரசீதைப் போன்ற நீண்ட தாளில் முடிவை அச்சிடும். அதற்கு ஆக்தா என்று பெயர்; கட்சி முகவர்களுக்கும் படி தரப்படும். 2024 ஜூலை 28 அன்று நடந்த அதிபர் தேர்தலில் மதுரோ 51 விழுக்காட்டுக்கு மேல் பெற்று வென்றதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. வாக்குச்சாவடிவாரியான முடிவுகளை வெளியிடவில்லை. எதிர்க்கட்சியின் தன்னார்வலர்கள் எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஆக்தாக்களைத் திரட்டி இணையத்தில் ஏற்றினார்கள். அவற்றில் எதிர்க்கட்சி வேட்பாளர் எத்முந்தோ கொன்சாலேஸ் இரு மடங்குக்கும் அதிகமான வாக்குகளுடன் முன்னிலையில் இருந்தார். தேர்தலுக்கு மறுநாள் தெருவுக்கு வந்தவர்களில் பெத்தாரே போன்ற ஏழைக் குடியிருப்புகளின் மக்கள் ஏராளம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானதாக மதுரோவே சொன்னார்.

ஆக்தாக்களின் மூலப்படிகளை 2025 ஜனவரியில் பனாமா தேசிய வங்கியின் பெட்டகத்தில் வைத்தார்கள். வாக்குச்சாவடி முகவர்கள் கைதாகும் ஆபத்தைத் தாங்கி வெளியே கொண்டுவந்த அந்தத் தாள்களை நம்பித்தான் நான் எழுதினேன்.