கடைப் பெயர் மட்டும் போதாது, மணியையும் பாருங்கள்

கொழும்பில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கடை என்று விசாரிக்கிற அளவுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று யாரும் விசாரிப்பதில்லை. அதே கடை, அதே சமையல்காரர், ஆனால் பன்னிரண்டரைக்குக் கிடைக்கிற சோறும் மூன்று மணிக்குக் கிடைக்கிற சோறும் ஒன்றல்ல.

கேள்வி: அம்மாவை வைத்தியரிடம் காட்ட வவுனியாவிலிருந்து கொழும்புக்குக் கூட்டி வருகிறேன். அம்மா சுத்த சைவம், முட்டையும் இல்லை. கண்ட கடையிலும் "மரக்கறிச் சாப்பாடு இருக்கு" என்கிறார்கள். நம்பலாமா? (வாசகி, வவுனியா)

நம்பலாம், ஒரு கேள்வி கேட்ட பிறகு. மாசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். சிங்களச் சமையலில் தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், லுணுமிரிஸ், சில இடங்களில் பருப்பிலும் கீரைச் சுண்டலிலும் கூட மாசிக் கருவாட்டுத் தூள் விழும். அவர்கள் ஏமாற்றுவதில்லை, அது அவர்களுக்கு உப்பு மாதிரி ஒரு சுவைப்பொருள், இறைச்சியும் மீனும் இல்லாத சாப்பாடு அவர்கள் கணக்கில் மரக்கறிதான். சிங்களத்தில் "உம்பலகட தியெனவாத?" (மாசி இருக்கா?) என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அப்படியே பேக்கரி மரக்கறி ரோல்ஸையும் கவனியுங்கள். உள்ளே கிழங்கும் கரட்டும்தான், ஆனால் பல இடங்களில் முட்டையில் தோய்த்துத்தான் ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரிக்கிறார்கள்.

இந்த விசாரணையெல்லாம் இல்லாமல் அம்மா நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமென்றால் சைவக்கடைதான் வழி. வெள்ளவத்தை ராமகிருஷ்ணா வீதியில் சண்முகாஸ், பம்பலப்பிட்டியில் ஷ்ரபரி கார்டன்ஸில் கிறீன்லண்ட்ஸ், காலி வீதியில் சரஸ்வதி லொட்ஜ். செட்டியார் தெருப் பக்கம் வேலை இருந்தால் கதிரேசன் கோயில்களைச் சுற்றியும் சைவக்கடைகள் உண்டு. சண்முகாஸ் குடும்பமாக உட்கார்ந்து ஆறுதலாகச் சாப்பிட ஏற்ற இடம், மற்ற இரண்டும் பழைய காலத்துக் கடைகள், அலங்காரம் எதிர்பார்க்க வேண்டாம்.

காலையில் எட்டு மணிக்கு முன்னால் போனால் இட்லியும் இடியப்பமும் சுடச்சுடக் கிடைக்கும், சொதியும் அப்போதுதான் இறக்கியிருப்பார்கள். மத்தியானச் சோற்றுக்குப் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மணியைத் தாண்டினால் நல்ல கறி முடிந்திருக்கும், இருப்பது திரும்பச் சூடாக்கியதாக இருக்கும். கிளினிக்கில் நேரம் போய்விட்டால் பிந்திய சோற்றுக்கு அலையாதீர்கள், மூன்று நான்கு மணிக்கு வடை போடுகிற நேரம், ஒரு தோசையும் வடையும் பிளேன் ரீயும் அம்மாவுக்குப் போதும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாதித் தமிழாக்கள் சைவம் என்பதால் இடம் பிடிப்பது கஷ்டம். அன்றைக்கு மட்டும் பார்சல் எடுத்துக்கொண்டு தங்குமிடத்துக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: டொரன்டோவிலிருந்து பெரியப்பா பிள்ளைகள் வருகிறார்கள். கொழும்பில் மூன்று நாள்தான். "எல்லா விதமான சாப்பாடும் பார்க்க வேண்டும், ஒரு நாள் பெரிய ரெஸ்டோரண்ட், செலவைப் பற்றி யோசிக்காதே" என்கிறார்கள். எங்கே கூட்டிப் போகலாம்? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பெரிய செலவு என்றால் எல்லாரும் சொல்வது கோட்டை பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இருக்கும் மினிஸ்ட்ரி ஒஃப் கிறாப். 2011இல் தர்ஷன் முனிதாசவும் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து தொடங்கியது. களப்பு நண்டுதான் அங்கே விசேஷம், அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை நிறைப்படி விலை. நம்முடைய பெரிய களப்பு நண்டெல்லாம் சிங்கப்பூருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில் அதை இங்கேயே மேசைக்குக் கொண்டுவந்தார்களே, அதற்காக எனக்கு அந்தக் கடை மேல் மரியாதை உண்டு. முன்கூட்டி மேசை பதிவு செய்யுங்கள், சொல்லும்போதே எந்த நிறை, என்ன விலை என்று கேட்டு முடிவெடுங்கள், நண்டு மேசைக்கு வந்த பிறகு விலையைப் பற்றி யோசிப்பது எல்லாருக்கும் சங்கடம்.

ஆனால் உங்கள் சொந்தக்காரர் எதிர்பார்ப்பது யாழ்ப்பாணத்து நண்டுக் கறி என்றால் அங்கே போகாதீர்கள். அது வேறு நண்டு, வேறு கைப்பக்குவம். வெள்ளவத்தை மரைன் டிரைவ் பக்கம் யாழ் ரெஸ்டோரண்டிலோ கொள்ளுப்பிட்டி ரேணுகா ஹோட்டலின் பல்மைராவிலோ புட்டும் நண்டுக் கறியும் சொல்லுங்கள். ஒடியல் கூழ் வேண்டுமானால் எந்த நாள் காய்ச்சுவார்கள் என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். கூழ் தேடிப்போய் நூடில்ஸோடு திரும்பக் கூடாது.

மற்ற இரண்டு நாளையும் நான் என்றால் இப்படி நிரப்புவேன். ஒரு மத்தியானம் உபாலிஸில் சிங்களச் சோறும் கறியும், விகாரமகாதேவி பூங்காவுக்குக் கிட்ட, நகர மண்டபப் பக்கம். பலாக்காய்க் கறி, அம்பரெல்லா, வாழைப்பூ எல்லாம் ஒரே மேசையில் பார்க்கலாம், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு உறைப்பைக் குறைக்கச் சொன்னால் கேட்பார்கள். இன்னொரு மத்தியானம் புரியாணி. புரியாணிக்குப் பன்னிரண்டு மணிதான் நேரம், இரவில் கிடைப்பது பெரும்பாலும் மத்தியான மிச்சம். ஆட்கள் சேர்ந்தால் சஹனில் கேளுங்கள், ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது முஸ்லிம்களின் கல்யாண வீட்டு முறை, சில கடைகள் முன்கூட்டிச் சொன்னால் செய்து தருகின்றன, கடைசியில் வட்டிலப்பமும் வரும். இதற்கு வெள்ளிக்கிழமையைத் தெரிவு செய்யாதீர்கள், ஜும்ஆ நேரத்தில் பல முஸ்லிம் கடைகள் சாத்தியிருக்கும்.

பின்னேரம் காலிமுகத்திடல். இறால் வடை கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பதை வாங்காதீர்கள், எண்ணெயிலிருந்து அப்போது எடுக்கிறதை நின்று வாங்குங்கள். அப்பமும் பின்னேரத்துக்குத்தான் வரும், ஆறு மணிக்குப் பிறகு தாச்சியைச் சுழற்றுகிற எந்தச் சின்னக் கடையிலும் நல்ல முட்டையப்பம் கிடைக்கும், அதற்குப் பெரிய ஹோட்டல் தேவையே இல்லை. ஒரு இரவு சைனீஸ். பம்பலப்பிட்டியின் சைனீஸ் ட்ராகன் கஃபே 1942இலிருந்து இருக்கிறது. சீனாவில் போய்த் தேடினாலும் கிடைக்காத, நம் நாட்டுச் சைனீஸ் கடைகளே உண்டாக்கிய ஹொட் பட்டர் கணவாயைக் கட்டாயம் சொல்லுங்கள். கொத்துக்குக் கடைசி இரவை வையுங்கள், பத்து மணிக்குப் பிறகு, காலி வீதி பிலாவூஸ் மாதிரிக் கூட்டம் குறையாத கடையில். சீஸ் கொத்தைப் பிள்ளைகள் கேட்பார்கள், வாங்கிக் கொடுங்கள். எனக்குச் சாதாரண மாட்டுக் கொத்தோ கோழிக் கொத்தோதான் விருப்பம், சீஸ் போட்டால் குழம்பின் ருசி அமுங்கிவிடுகிறது.

மூன்று நாளுக்குள் பௌர்ணமி வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். போயா தினத்தில் எந்த ரெஸ்டோரண்டிலும் மதுபானம் விற்க மாட்டார்கள், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரியாது.

கேள்வி: மெனுவில் 5000 ரூபாய்க்குத்தான் சாப்பிட்டோம், பில்லில் ஆறாயிரத்துச் சொச்சம். இது சரியா? (வாசகர், நீர்கொழும்பு)

சரிதான். பெரிய ரெஸ்டோரண்டுகளில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதோடு 18 சதவீதம் வற் வரி. வற் 2024 ஜனவரியிலிருந்து இந்த வீதத்தில் இருக்கிறது. 5000 ரூபாய்க்குக் குறைந்தது 1400 கூடும். மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதை வாசியுங்கள், விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் இவையெல்லாம் பிறகு சேரும் என்று அர்த்தம். சந்தேகம் என்றால் "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று ஓடர் கொடுக்கும்போதே கேளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சேவைக் கட்டணம் கட்டிய பிறகு தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. சின்னச் சாப்பாட்டுக் கடையில் அந்தக் கட்டணம் இருக்காது, அங்கே பரிமாறிய தம்பியின் கையில் நூறு ரூபாயாவது வையுங்கள்.

கேள்வி: வேலை முடிந்து வர எட்டு மணியாகும். பிக்மீ, ஊபர் செயலிகளில்தான் சாப்பாடு எடுக்கிறேன், எதுவும் ருசியாக இல்லை. கடைகள் தரம் இறங்கிவிட்டனவா? (வாசகர், தெஹிவளை)

கடையில் பிழை இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் என்ன எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை, கொத்தாகவோ அப்பமாகவோ இருக்கும் என்று நினைக்கிறேன். அப்பத்தின் ஓரம் மொறுமொறுப்பு பெட்டியை மூடிய உடனே போய்விடும். ஹொட் பட்டர் கணவாயும் அப்படித்தான், ஆவி உள்ளேயே நின்று மேல்மா நமத்துவிடும். கொத்து தன் சூட்டிலேயே ரொட்டியைக் களியாக்கும். இவற்றையெல்லாம் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தே சாப்பிட வேண்டும். வீட்டுக்கு எடுப்பதற்கு ஏற்றது புரியாணி, புட்டு, இடியப்பம், கறியும் சொதியும் வேறு வேறாகக் கட்டியது. இன்னொன்று, பல கடைகள் செயலியில் விலையைக் கூட்டித்தான் போடுகின்றன. வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கி நீங்களே பார்சல் எடுத்தால் காசும் மிச்சம், சாப்பாடும் சூடு.

கேள்வி: லம்ப்ரைஸ் நல்லது என்கிறார்கள், நாங்கள் மாடு சாப்பிடுவதில்லை. சாப்பிடலாமா? (வாசகி, பம்பலப்பிட்டி)

பறங்கியர் வீட்டு முறையில் செய்த லம்ப்ரைஸ் உங்களுக்குச் சரிவராது. இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறு, பல இறைச்சி கலந்த கறி, ஃபிரிக்கடெல் என்கிற இறைச்சி உருண்டை, இறாலில் செய்த பிளச்சான், கத்தரிக்காய், இவற்றை வாழையிலையில் கட்டி ஓவனில் வைத்து எடுப்பது அது. கறியில் மாடும் பன்றியும் சேர்வது வழக்கம், ஆகவே முஸ்லிம் வாசகர்களும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தும்முல்லைச் சந்திக்குக் கிட்ட டச்சு பேகர் யூனியனில் அந்தப் பழைய முறை இன்னும் இருக்கிறது. மற்றக் கடைகளில் கோழி மட்டும் போட்டது, மரக்கறி மட்டும் போட்டது எல்லாம் கிடைக்கும், அவித்த முட்டையும் பொரித்த கோழிக்காலும் வைத்துக் கட்டுவார்கள். பழைய முறையில் அவை கிடையாது, ஆனால் இலை வாசம் சோற்றில் இறங்கியிருந்தால் அதுவும் நல்ல சாப்பாடுதான். கோழி லம்ப்ரைஸ் வாங்கும்போது உருண்டை எந்த இறைச்சி என்று தனியாகக் கேளுங்கள், கறி கோழியாக இருந்தும் உருண்டை மாடாக இருக்கலாம்.

கேள்வி: கம்பஸுக்காக மட்டக்களப்பிலிருந்து வந்து போர்டிங்கில் இருக்கிறேன். தனியாகச் சாப்பாட்டுக் கடைக்குப் போகத் தயக்கமாக இருக்கிறது, எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி. (வாசகி, வெள்ளவத்தை)

தங்கச்சி, பசியோடு அறைக்குள் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். வெள்ளவத்தையில் தனியாகச் சாப்பிடும் பெண்கள் நிறைய, கந்தோருக்குப் போகிறவர்களும் மாணவிகளும்தான் காலையில் சைவக்கடைகளில் பாதி. அந்தக் காலை நேரத்தில் தொடங்குங்கள், ஏழரை எட்டுக்கு ஒவ்வொருவரும் அவசரத்தில் இருப்பார்கள், யாருக்கும் யாரையும் பார்க்க நேரமில்லை. பல கடைகளில் மேல் மாடியிலோ உள்ளேயோ குடும்பங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கும், தனியாக வந்தாலும் அங்கே உட்காரலாம், யாரும் தடுத்தால் காசாளரிடம் நேரே சொல்லுங்கள். ஒரே கடைக்குத் தொடர்ந்து போங்கள். ஒரு கிழமைக்குள் பரிமாறுகிறவர்களுக்கு உங்கள் முகம் பழகிவிடும், பிறகு யாராவது தொந்தரவு கொடுத்தாலும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இரவு எட்டு மணிக்கு முன் சாப்பிட்டு முடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், புட்டும் இடியப்பமும் ஆறரைக்கே தயார்.