லாடம் அடிப்பவரின் காது

கேள்வி: என் தாத்தா வண்டி மாடுகளுக்கு லாடம் அடித்தவர். பெங்களூரில் பந்தயக் குதிரைகளுக்குச் சில குடும்பங்களே தலைமுறை தலைமுறையாக லாடம் அடித்து வருவதாகச் சொல்கிறார்கள். வெளியாளான என் மகன் அதைக் கற்க முடியுமா? ஆணி அடிக்கும்போது குதிரைக்கு வலிக்காதா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: வலியிலிருந்தே தொடங்குகிறேன், இத்தொழில் ஏன் குடும்பத்துக்குள் தங்கிவிடுகிறது என்பதற்கான விடையும் அதில்தான் இருக்கிறது. குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தைப் போல உணர்ச்சியற்றது. அதற்குள் மட்டும் ஏறிப் பக்கவாட்டில் வெளிவரும் ஆணியால் குதிரைக்கு வலி இல்லை. ஆனால் பந்தயக் குதிரைகளுக்கு அந்தச் சுவர் பெரும்பாலும் மெல்லியதாக இருப்பதால், ஆணி சற்றே உள்வாங்கினாலும் உயிர்ச்சதையைத் தொட்டு, ஏறத்தாழ 450 கிலோ எடையுள்ள விலங்கை நொண்ட வைத்துவிடும். கெட்டியான பகுதியில் ஏறும் ஆணி கணீரென்று ஒலிக்கும். மென்மையான இடத்துக்குத் திரும்பினால் ஓசை மங்கி, அடி இலகுவாக இறங்கும். அந்த நொடியிலேயே அதைப் பிடுங்கிவிட வேண்டும். இந்தக் காது அப்பனின் பட்டறையில் சிறு வயது முதல் உட்கார்ந்திருந்தவருக்கு எளிதில் வாய்க்கிறது. இரத்தத்தில் வருவது என்பதை நான் ஏற்கவில்லை.

உங்கள் தாத்தாவின் வேலையிலிருந்து இது பெரிதும் வேறுபட்டது. மாட்டின் குளம்பு பிளவுபட்டிருப்பதால் காலுக்கு இரண்டு தகடுகள் அடிப்பார்கள். பெரும்பாலும் கயிறு கட்டிக் கீழே சாய்த்துத்தான் அடிப்பார்கள். குதிரை நின்றபடியே காலைக் கொடுக்கும், பிடிப்பவரை நம்பினால் மட்டும். குளம்பு மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால் 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை பழைய லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவிச் சமன்செய்து, மீண்டும் அடிக்க வேண்டும். ஓட்டப்பந்தயத்துக்கு எடை குறைந்த அலுமினிய லாடமே பெரிதும் பயன்படுகிறது. இரும்பைப் போல அலுமினியம் சிவந்து எச்சரிக்காது, 660 டிகிரியில் உருகியே போய்விடும். ஆகவே அதைக் குளிர்ந்த நிலையிலேயே தட்டிப் பொருத்துகிறார்கள்.

கற்க முடியுமா என்றால், முடியும். படைக்குதிரைகளுக்கு லாடம் அடிப்போரை இராணுவமே மீரட்டில் பயிற்றுவிக்கிறது. பழைய தருமபுரி மாவட்டத்துக்கும் குதிரை புதிதன்று; ஒசூரை அடுத்த மத்திகிரிக் கால்நடைப் பண்ணை 1824-இல் படைக்குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டதே. உங்கள் மகன் ஒரு லாயத்தில் அனுபவசாலி ஒருவரிடம் உதவியாளாகச் சேரட்டும். முதல் சில மாதங்கள் காலைத் தூக்கிப் பிடிப்பதும் பழைய ஆணிகளைப் பிடுங்குவதுமாகவே கழியும், சுத்தியலைக் கொடுக்க மாட்டார்கள். நாள் முழுவதும் குனிந்து செய்யும் வேலை என்பதால், அவருக்கு இடுப்புவலி இருந்தால் மட்டும் அனுப்பாதீர்கள்.