போட்டதைக் கழற்றுவது எப்படி? – லினக்ஸ் கேள்வி பதில்

கொக்குவில் மாணவர்: உபுண்டுவில் ஒரு கருவியின் சோர்ஸ் (மூல நிரல்) இறக்கி ‘சூடோ மேக் இன்ஸ்டோல்’ கொடுத்தேன். இப்போது அது வேண்டாம். ஆப்ட் (பொதிகளைப் போட்டுக் கழற்றும் கருவி) அப்படியொன்று இல்லை என்கிறது.

தம்பி, ஆப்டின் கணக்கில் அது ஏறவேயில்லை. சோர்ஸ் போல்டர் இருந்தால் அதற்குள் போய் ‘சூடோ மேக் அன்இன்ஸ்டோல்’ கொடுங்கள். எழுதியவர் அந்த வசதியை வைத்திருந்தால் சரி. இல்லையென்றால் ‘டெஸ்ட்டிர்’ (DESTDIR, கோப்புகள் விழ வேண்டிய மாற்று இடம்) ஆக ஒரு வெறும் போல்டரைக் காட்டி இன்னொரு தரம் இன்ஸ்டோல் செய்யுங்கள். எந்தக் கோப்பு எங்கே விழுந்தது என்பது அதில் அப்படியே தெரியும். அதைப் பார்த்து யூஎஸ்ஆர் லோக்கலில் (/usr/local, கையால் கட்டியவை போகும் இடம்) அந்தக் கோப்புகளை மட்டும் அழியுங்கள். பிறகும் பாஷ் (கட்டளைகளை வாங்கும் ஷெல்) பழைய இடத்தையே தேடி முறைத்தால் ‘ஹாஷ் -ஆர்’ அடியுங்கள். சோர்ஸ் போல்டரை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

மானிப்பாய் வாசகி: ‘ஆப்ட் ரிமூவ்’ கொடுத்தும் பழைய செட்டிங் மிச்சம் இருக்கிறதே?

‘பர்ஜ்’ கொடுங்கள், ஈடிசியில் (/etc, கணினியின் பொதுச் செட்டிங் இருக்கும் இடம்) உள்ளதும் போகும். ஹோமில் புள்ளியில் தொடங்கும் போல்டர்களைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

சுன்னாகம் வாசகர்: முதலிலேயே சுத்தமாகப் போட வழி?

க்னூ ஸ்டோ என்ற கருவி. கட்டும்போது ப்ரிஃபிக்ஸாக (இன்ஸ்டோல் ஆகும் இடமாக) யூஎஸ்ஆர் லோக்கல் ஸ்டோவுக்குள் (/usr/local/stow) ஒரு தனிப் போல்டரைக் கொடுங்கள். பெயரில் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். பிறகு ஸ்டோவை ஓட்டினால் அது லோக்கலில் வெறும் இணைப்புகளைத்தான் (சிம்லிங்க்) போடும். ‘ஸ்டோ -டி’ (பெரிய எழுத்து D) அவற்றைக் கழற்றிவிடும்.

நல்லூர் வாசகர்: எதற்கு இந்த இணைப்பு விளையாட்டு? டெப் பொதியாக (ஆப்ட் கையாளும் .deb கோப்பு) கட்டினால் ஆப்டே கழற்றுமே.

பத்துக் கணினிக்கென்றால் நானும் டெப்தான் கட்டுவேன், அண்ணை. ஒரு லப்டொப்பில் ஒரு சின்னக் கருவிக்கு அவ்வளவு வேலை எதற்கு?

நல்லூர் வாசகர்: அந்தக் கருவிக்கு எந்த லைப்ரரி தேவை என்று ஸ்டோவுக்குத் தெரியுமா?

தெரியாது. இதில் நீங்கள் வென்றீர்கள். போன மாரியில் கருவி கட்டி முடிந்ததே என்று டெவ் பொதியை (லைப்ரரியை வைத்துக் கட்டும்போது மட்டும் தேவைப்படுவது) கழற்றினேன். அடுத்த ‘ஆட்டோரிமூவ்’ (இனி எதற்கும் தேவையில்லை என்று ஆப்ட் நினைப்பதைக் கழற்றும் கட்டளை) லைப்ரரியையும் கொண்டுபோய்விட்டது. ‘எல்டிடி’ (கருவிக்குத் தேவையான லைப்ரரிகளைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால் ‘நொட் ஃபவுண்ட்’. இப்போதெல்லாம் லைப்ரரியை ‘ஆப்ட்-மார்க் மனுவல்’ (நானே கேட்டுப் போட்டது) என்று குறித்துவிட்டுத்தான் மற்ற வேலை. டெப்பில் சார்புகளை ஒழுங்காக எழுதியிருந்தால் இந்தத் தொல்லை வந்திராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஸ்டோவை விடமாட்டேன்.

திருநெல்வேலி மாணவி: டெபியன் 12இல் பிப் (பைதன் பொதிகளைப் போடும் கருவி) மறுக்கிறது. ‘ப்ரேக் சிஸ்டம் பாக்கேஜஸ்’ போடலாமா?

அந்தப் பெயரை இன்னொரு தரம் வாசியுங்கள், தங்கச்சி. வென்வ் (பைதனுக்கான தனிப் போல்டர்ச் சூழல்) போடுங்கள். வேண்டாமென்றால் அந்தப் போல்டரை அழித்தால் முடிந்தது.

சாவகச்சேரி வாசகர்: மேக் இன்ஸ்டோல் செய்ததை எப்படி அகற்றுவது? சோர்ஸ் போல்டரை அழித்துவிட்டேன்.

முதல் பதிலைப் பாருங்கள். அதே பதிப்பைத் திரும்ப இறக்குங்கள். அழிக்காதீர்கள் என்று எத்தனை தரம் சொல்வது?

அவரே: யூஎஸ்ஆர் லோக்கலை முழுதாக அழித்தால் என்ன?

கணினி சாகாது. கையால் போட்ட மற்றதெல்லாம் சேர்ந்து போகும். முதலில் கையைக் கீபோர்ட்டிலிருந்து எடுங்கள்.